தோட்டத்தில் படம் எடுக்கும் முன்: சுங்கை சிப்புட் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

குறும்படம் அல்லது ஆவணப்படம் எடுக்கக் கிளம்பும் நம் ஊர் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எந்த கேமரா வாங்கலாம்?” என்றுதான். அதற்கு இங்கே பதில் இல்லை. கையில் இருக்கும் கேமரா போதும். கேமராவை வெளியே எடுப்பதற்கு முந்தைய வாரங்களில் செய்யவேண்டிய வேலை பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் வட்டாரத்துக்குரியவை. தெலுக் இந்தான், பந்திங், குளுவாங் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கதையை முதலில் முடிப்பதா, இடத்தை முதலில் பிடிப்பதா?

இடத்தை. திரைப்படப் பாடம் நடத்துபவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கணக்கில் திரைக்கதை முடிந்த பிறகுதான் இடம் தேட வேண்டும். தோட்டக் கதைக்கு அது சரிவராது. உங்கள் மனதில் இருக்கும் தோட்டம் இன்று அங்கே இல்லாமல் போயிருக்கலாம். பால்மரம் (ரப்பர்) நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றை இடித்துவிட்டார்கள். இடிக்காத வீடுகளில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். நம் குடும்பங்கள் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) போய்விட்டன.

“பாட்டி லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்” என்று பத்துக் காட்சி எழுதிவிட்டு, அப்புறம் லயம் தேடி அலைபவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றுங்கள். எந்தக் கோயில் இருக்கிறது, எந்தப் பழைய பள்ளிக் கட்டடம் நிற்கிறது, சின்னத் தோட்டக்காரர்களில் யார் இன்னும் பால்மரம் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இருப்பதைப் பார்த்துவிட்டு எழுதினால், படப்பிடிப்பு நாளன்று கதையை வெட்டவேண்டிய நிலை வராது.

பதினைந்து நிமிடப் படத்துக்கு ஒருவரிக் கதை, சுருக்கம், முழுத் திரைக்கதை எல்லாம் வேண்டுமா?

வேண்டும். ஒருவரிக் கதை அனுமதிக் கடிதத்தில் போகும். ஒரு பக்கச் சுருக்கத்தை நடிகர்களும் நிர்வாகியும் படிப்பார்கள். முழுத் திரைக்கதை உங்கள் குழுவுக்கு. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்கு வைத்த கணக்கு. தமிழில் தட்டச்சு செய்த பக்கத்துக்கு அது அப்படியே வராது. வசனத்தை உரக்கப் படித்து, கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் எடுக்க யாரிடம் அனுமதி கேட்பது?

அதற்கு முன் அந்த நிலம் யாருடையது என்று தெரிய வேண்டும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகக் கைமாறின. அந்தத் துண்டாடலில் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டதைப் பார்த்துத்தான், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆக, இன்று நீங்கள் ‘தோட்டம்’ என்று சொல்லும் நிலம் பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனத்துடையதாக இருக்கலாம், கூட்டுறவுச் சங்கத்துடையதாக இருக்கலாம், பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் ஒருவரின் சில ஏக்கராகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வழி வேறு.

பெரிய நிறுவனம் என்றால் தோட்ட நிர்வாகி பெரும்பாலும் தாமாக முடிவெடுக்க மாட்டார். கடிதம் தலைமையகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். கதை என்ன, எந்தப் பகுதியில், எத்தனை பேர், என்ன வண்டி, எந்த நேரம், நிறுவனத்தின் பெயர்ப்பலகை படத்தில் தெரியுமா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். தொழிலாளர் பிரச்சினை பற்றிய கதையாக இருந்தால் அதை மறைத்துவிட்டு அனுமதி வாங்காதீர்கள். பிறகு தெரியவந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் கதவு மூடிவிடும். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால் அந்தக் காட்சியைத் தனியார் சின்னத் தோட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். படம் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

சின்னத் தோட்டக்காரரிடம் கடிதம் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவரிடமும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாளை படம் எங்காவது ஒளிபரப்பாகும்போது ஒளிபரப்பு நிறுவனம் கேட்கும் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அனுமதிக் கடிதம் காவலாளியைத் தாண்ட உதவும். உள்ளே போனபிறகு உங்களுக்கு வழிகாட்டப்போவது மண்டோரும் (மேற்பார்வையாளர்), பழைய கிராணியும் (எழுத்தர்), கோயில் தலைவரும்தான். அவர்களைப் பார்க்கப் போகும்போது கேமரா வேண்டாம்.

பினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) உரிமம் எங்களுக்கும் தேவையா?

1981ஆம் ஆண்டுச் சட்டப்படி (சட்டம் 244) படத் தயாரிப்பு, விநியோகம், திரையிடல் மூன்றுக்கும் பினாஸ் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள தயாரிப்பு நிறுவனமும் படப்பிடிப்பு தொடங்குமுன் பினாஸிடமிருந்து படப்பிடிப்புச் சான்று வாங்க வேண்டும். 2020 ஜூலையில் இது பெரிய சர்ச்சையானது. சமூக ஊடகத்துக்கு எடுக்கும் காணொளிக்கும் உரிமம் தேவை என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களில், தனிநபர்கள் சமூக ஊடகத்தில் வழக்கம்போல் பதிவேற்றலாம் என்று அரசாங்கம் விளக்கம் கொடுத்தது.

அதனால் என் யோசனை இதுதான். நண்பர்கள் சேர்ந்து யூடியூபில் போட எடுக்கிறீர்கள் என்றால் பதற வேண்டாம். தொலைக்காட்சிக்கு விற்கவோ, மண்டபத்தில் டிக்கெட் போட்டுத் திரையிடவோ எண்ணம் இருந்தால், உரிமம் வைத்திருக்கும் ஒரு தயாரிப்பு நிறுவனத்தோடு முதலிலேயே சேர்ந்துகொள்ளுங்கள். எடுத்து முடித்தபின் தாள் தேடுவது பெரிய தலைவலி. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கை வாரியமும் உண்டு. 2002ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. மதம், இனம் தொடர்பான காட்சிகளைத் திரைக்கதை நிலையிலேயே இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

டவுனில், சாலையில், பள்ளியில் எடுப்பதற்கு?

சுங்கை சிப்புட் டவுன் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. சாலையோரம், பாசார், பொதுத்திடலுக்கு அங்கே கேளுங்கள். எங்கே எடுத்தாலும் பக்கத்துப் போலீஸ் பாலாயில் (நிலையத்தில்) ஒரு தகவல் கடிதம் கொடுத்துவையுங்கள். ரயில் நிலையம் கேடிஎம் என்ற மலாயா ரயில்வே நிறுவனத்தின் இடம். நடைமேடையில் பயணி மாதிரி நின்று ரகசியமாக எடுக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியர் “வாங்க, வாங்க” என்பார். அது போதாது, கல்வி இலாகாவின் வழியாகக் கடிதம் போக வேண்டும். பள்ளி விடுமுறையில் வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் சுலபம்.

அவசரகாலக் கதை எழுதுபவர்கள் இந்த ஊரில் அதிகம். 1948 ஜூன் 16ஆம் தேதி தோட்ட நிர்வாகிகளான மூன்று வெள்ளைக்காரர்கள் இங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேய அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் வந்தது. கதை நல்ல கதைதான். ஆனால் துப்பாக்கி, சீருடை என்று வந்தால் பொம்மையாக இருந்தாலும் போலீஸிடம் முன்கூட்டியே பேசாமல் வெளியே எடுக்காதீர்கள். செம்பனைக் காட்டுக்குள் துப்பாக்கியோடு நாலு பேர் நடப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது சினிமா என்று தெரியாது.

இடம் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். காது சொல்வதைக் கேளுங்கள். சேவல், மோட்டார், புல்வெட்டும் இயந்திரம், கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு எல்லாம் வரும். பாங்கு நேரம் முன்கூட்டியே தெரிந்தது, அதற்கேற்ப வசனக் காட்சியைத் தள்ளி வைக்கலாம். புல்வெட்டுபவர் எப்போது வருவார் என்று மண்டோரைக் கேட்டால்தான் தெரியும். லயத்துத் தகரக் கூரையில் மழை பெய்தால் உள்ளே பேசும் வசனம் பதிவாகாது. அந்த வீட்டில் மழை நாளுக்கென்று ஒதுக்கும் காட்சி வசனம் இல்லாததாக இருக்கட்டும்.

படம் எடுக்கப்போகும் அதே மணிக்குப் போய்ப் பாருங்கள். வளர்ந்த செம்பனைக்கு அடியில் நடுப்பகலிலும் இருட்டு. ஆனால் மட்டைகளுக்கு இடையில் வெயில் வெள்ளைத் திட்டாக விழும், முகம் பாதி கருப்பாகவும் பாதி வெள்ளையாகவும் வரும். வீட்டுக்குள் குழல்விளக்கோ எல்இடி விளக்கோ இருந்தால் கேமராவைப் போட்டுச் சோதியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 இல்லாவிட்டால் சில விளக்குகள் படத்தில் துடிக்கும்.

அப்புறம் கழிப்பறை. பெண்கள் இருக்கும் குழுவை எட்டு மணி நேரம் தோட்டத்துக்குள் வைத்துவிட்டு இதை யோசிக்காமல் இருப்பது நியாயமில்லை. கைப்பேசி சமிக்ஞை எங்கே கிடைக்கிறது, பக்கத்துக் கிளினிக் எங்கே, லோரி திரும்ப இடம் உண்டா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்பு அட்டவணையை எப்படிப் போடுவது?

காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஒரே இடத்தில் நடப்பவற்றைச் சேர்த்து, அதற்குள் ஒரே நடிகர் வருபவற்றைச் சேர்த்து எடுப்பார்கள். எல்லா ஊருக்கும் அது பொது. தோட்டத்தில் அதற்கும் மேலே வேறு மூன்று கணக்கு உண்டு. அவற்றைத்தான் முதலில் தாளில் போட வேண்டும்.

முதலாவது சூரியன். பேராக்கில் அது ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் உதிக்கிறது. மறைவதும் மாலையில் ஏறக்குறைய அதே நேரம். இணையத்தில் படித்துவிட்டு “காலை ஆறு மணிப் பொன்னொளி” என்று அட்டவணையில் எழுதினால் இருட்டில்தான் நிற்பீர்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் சீக்கிரம் உச்சிக்கு ஏறிவிடும். மென்மையான வெளிச்சம் காலையில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

இரண்டாவது மழை. நவம்பரிலிருந்து அடிக்கும் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைத்தான் அதிகம் தாக்குகிறது. நம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை கூடுதல். அதனால் வெளிப்புறக் காட்சிகளை இரண்டு மணிக்குள் முடிக்கும்படி அட்டவணை போடுங்கள். மாலைக்கு வீட்டுக்குள் எடுக்கும் ஒரு காட்சி எப்போதும் தயாராக இருக்கட்டும், நடிகரும் உடையும் உட்பட. வறண்ட மாதங்களில் வேறு தொல்லை. சில ஆண்டுகளில் புகைமூட்டம் வந்து தூரத்து மலை காணாமல் போய்விடும். பின்னணியில் மலை தெரியும் காட்சிகளை முதல் நாட்களிலேயே எடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது மரமும் மனிதர்களும். பால் வெட்டு விடியுமுன் நெற்றி விளக்கோடு தொடங்கும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. உங்கள் படப்பிடிப்பும் இல்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும். இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு காட்சிகளில் ஒன்று பச்சைக் காடாகவும் ஒன்று மொட்டைக் கிளைகளாகவும் வந்தால் படத்தொகுப்பாளர் என்ன செய்வார்? தைப்பூசம், தீபாவளி, கோயில் தீமிதி, நோன்பு மாதம் எல்லாவற்றையும் நாட்காட்டியில் முதலில் வட்டம் போட்டுவிட்டு மிச்சத்தில் நாள் தேடுங்கள்.

பால் வெட்டும் காட்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாமா?

முடியாது. ஒரு மரத்தில் ஒரு நாளைக்கு மெல்லிய ஒரு சீவல்தான். அதற்குமேல் சீவினால் பட்டை வீணாகும், மரம் பல ஆண்டு பால் கொடுக்கவேண்டிய இடம் அது. ஒவ்வொரு மறுபதிவுக்கும் அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். ஆகவே இடம் பார்க்கும்போதே ஒரே உயரத்தில் வெட்டுமுகம் (பட்டை சீவிய பகுதி) இருக்கும், ஒரே பருமனான ஏழெட்டு மரங்கள் உள்ள நிரையைத் தேர்ந்தெடுங்கள். பால் பிடிக்கும் மங்கு, கம்பி, வாளி எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். நடிகருக்கு முன்கூட்டியே பயிற்சி வேண்டும். இல்லையென்றால் கையை மட்டும் உண்மையான தொழிலாளியுடையதாக அண்மைக்காட்சியில் எடுங்கள், முகத்தை நடிகருடையதாகத் தனியே எடுங்கள்.

செம்பனைக் குலை அறுக்கும் காட்சிக்கு வேறு எச்சரிக்கை. ஒரு குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும், மேலிருந்து விழும். அரிவாள் கட்டிய நீளக் கம்பும் கூடவே ஆடும். கேமராக்காரர் மரத்தடியில் நிற்கக்கூடாது, தலைக்கவசம் கட்டாயம். பாம்பும் உண்டு, எலி இருக்கும் இடத்தில் அது இருக்கத்தானே செய்யும்.

வேலை செய்யும் தொழிலாளியைப் படம் எடுத்தால் பணம் கொடுக்கவேண்டுமா? ஆவணப்படத்தில் கொடுக்கக்கூடாது என்கிறார்களே?

பேட்டிக்குப் பணம் கொடுத்தால் பேச்சு மாறும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் எடைக்குக் கூலி வாங்கும் ஒருவரை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் அவர் வருமானம் அந்த அளவுக்குக் குறைகிறது. போன நேரத்தை ஈடுகட்டுவது பேச்சுக்கு விலை கொடுப்பதாகாது. பட்ஜெட்டில் அதற்குத் தனி வரி போடுங்கள், தொகையை முன்கூட்டியே பேசுங்கள், எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுங்கள்.

சம்மதக் கடிதத்தை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஒருவருடைய முகம் படத்தில் வருவது அவர் வேலைக்கும் தங்கும் உரிமைக்கும் ஆபத்தாகலாம். அவர் தயங்கினால் முகத்தைக் காட்டாமல் எடுக்கும் வழியை அட்டவணை போடும்போதே யோசியுங்கள்.

கதை 1970களில் நடக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

கூரையை. ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி 1996இல்தான் வந்தது, அதற்கு முந்தைய கதையில் வீட்டுக்கூரையில் அந்தத் தட்டு தெரியக்கூடாது. வண்ணத் தொலைக்காட்சி 1978 இறுதியில் வந்தது. பின்னணியில் பால்மரத்துக்குப் பதில் செம்பனை நின்றால், கதையில் அந்தத் தோட்டம் எப்போது பயிர் மாற்றியது என்பதற்கு விடை வேண்டும். தேசியக் கொடி 1963க்கு முன்பு பதினொரு கோடுகளோடு இருந்தது, இப்போது பதினான்கு.

பலர் தவறவிடுவது கடிகாரம். 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முந்தைய கதையில் பொழுது விடிவது ஆறரை மணி வாக்கில். பெரட்டுக் காட்சியில் (வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் காட்சி) சுவர்க் கடிகாரத்தைக் காட்டினால் முள்ளைச் சரியாக வையுங்கள். எழுபது வயதுக்காரர் யாராவது நிச்சயம் கேட்பார்.

பட்ஜெட்டில் எதை மறக்கிறார்கள்?

சாப்பாட்டை மறப்பதில்லை, குறைத்துப் போடுகிறார்கள். காலை நாசி லெமாக் பொட்டலம், மதியம் சோறு, நாலு மணிக்கு தே தாரிக் என்று தலைக்கணக்குப் போட்டு, அதோடு வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், பேட்டரி, கோயிலுக்குக் காணிக்கை, இரவல் வாங்கிய பொருள் உடைந்தால் ஈடு, மலாய் ஆங்கிலத் துணைத்தலைப்பு, ஒலிக்கலவை இவைதான் விட்டுப்போகும். மொத்தத்தில் பத்து விழுக்காட்டை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குவது தொழில்முறை வழக்கம். மழை ஒரு நாளை விழுங்கினால் அந்தப் பத்து விழுக்காடு போய்விடும், அதற்குத்தான் அது. நண்பர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்தாலும் அவர்கள் உழைப்பின் மதிப்பைத் தாளில் எழுதுங்கள். நிதி கேட்டுப் போகும்போது படத்தின் உண்மையான செலவு தெரிய வேண்டும்.

சின்னப் பிள்ளைகளை நடிக்க வைக்கலாமா?

வைக்கலாம். 1966ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர் வேலைச் சட்டத்தில் பொதுக் கேளிக்கைக்கு உரிமத்தோடு அனுமதி உண்டு. தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள். பெற்றோர் கையெழுத்தோடு, பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அழும் காட்சியை அதட்டி எடுக்கிற பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம்.

டிரோன்?

மலேசிய வான்போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு, ஈப்போ விமான நிலையத்துக்குப் பக்கம் என்றால் இன்னும் கவனம். நிலத்துக்காரர் அனுமதியும் தனியாக வேண்டும். உண்மையில் எத்தனை தோட்டப் படங்கள்தான் செம்பனை வரிசையை மேலிருந்து காட்டித் தொடங்கும்?

பின்னணியில் வானொலியில் பழைய சினிமாப் பாட்டு ஓடினால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிட முடியாது. நம் காப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டுடையது. படைப்பாளி இறந்து 50 ஆண்டுகள் வரை பாட்டுக்கும் வரிகளுக்கும் பாதுகாப்பு உண்டு, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. “பத்து விநாடிதானே” என்பது சட்டத்தில் இல்லாத கணக்கு. கடையில் எடுக்கும்போது வானொலியை நிறுத்தச் சொல்லுங்கள். தோட்டத்துப் பாட்டிகளிடம் தாலாட்டும் ஒப்பாரியும் இன்னும் இருக்கின்றன. அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து, பெயரும் போடுங்கள்.

நடிகர்களுக்கு அழைப்புத் தாள் அனுப்பவேண்டுமா, வாட்ஸ்அப் குழு போதாதா?

குழுவில் ஒரே ஒரு தாளைப் படமாகப் போடுங்கள். வரவேண்டிய நேரம், இடத்தின் வரைபடம், காட்சி எண், உடை, பொறுப்பாளர் எண், கிளினிக் முகவரி எல்லாம் அதில் இருக்கட்டும். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். நள்ளிரவில் மாற்றம் வந்தால் செய்தியோடு விடாமல் அழைத்துச் சொல்லுங்கள். பால் வெட்டப் போகிறவர் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார், காலையில் செய்தி பார்க்க மாட்டார்.

எத்தனை மெமரி கார்டு, எவ்வளவு ஹார்ட் டிஸ்க்?

கேமராவின் பதிவு வேகத்தைப் பாருங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 45 ஜிகாபைட். நாளைக்கு மூன்று மணி நேரம் பதிவு, நான்கு நாள் என்றால் 540 ஜிகாபைட். இரண்டு பிரதி வேண்டும் என்பதால் ஒரு டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே பையில், ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. கார்டை அழிக்கும் பொறுப்பை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள், அவர் இரண்டு பிரதியையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே அழிக்கட்டும்.